கிடங்குச் சரக்கும் காப்புத் தொகையும்

பிரிமியத்திற் சில ரூபாயை மிச்சம் பிடிக்கும் பொருட்டுச் சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதும் வழக்கத்தை நம் சங்கங்கள் சிலவற்றிற் காண்கிறோம். அங்கத்தினர்கள் கணக்குப் பார்ப்பார்களாக. கிடங்கில் நூலும் துணியுமாக 10 லட்ச ரூபாய்ச் சரக்கு. காப்புத் தொகையோ 5 லட்சம். தீப்பற்றி 2 லட்ச ரூபாய்ச் சரக்கு கருகின், கைக்கு 1 லட்சத்துக்கு மேல் வராது. பாதிச் சரக்குக்குச் சங்கமே பொறுப்பேற்றது என்பது விதியின் கருத்து.

குறுந்தொழில்களுக்கென 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி, 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொள்கிறது. மேற்படின் பழைய கணக்கே. ஆகவே தீபாவளிக்கு முந்திய மாத இருப்பைக் கொண்டு மதிப்பிடுதலே தக்கது என்போம். அப்பாலிசியில் வெள்ளமும் அடங்கும். குழித்தறிக்காரருக்கு அதன் அருமை தெரியும்!

மற்றொன்று: உறுப்பினர் வீட்டுத் தறியில் ஏறிய பாவும், சாயப்பட்டறையிற் கிடக்கும் நூலும் சங்கத்தின் சொத்தே. அவ்விடங்களையும் பாலிசியிற் குறிக்கச் செய்யாவிடில், காப்பு பெரும்பாலும் கிடங்குச் சுவரோடு நின்றுவிடும்.