நாரி நோ என்று வருகிறவரிடம்

பிள்ளை, யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்து முடித்து, வாட்டுக்குள் கால் வைக்கிறாய். நான் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் முப்பது வருடம் மருந்து கொடுத்த பழைய உதவி வைத்தியன். படிப்பு உனக்குத்தான் கூட. எலும்பு மச்சையில் வரும் புற்றுநோயான மல்டிப்பிள் மைலோமாவைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான்: அதை ஒருமுறை கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டவன் நான்.

1. விசுவமடுவில் நாரி நோ என்று வருகிறவர் காரணத்தையும் கையோடு கொண்டுவருவார். “கச்சான் மூட்டை தூக்கினனான்”, “2009இல பட்ட ஷெல் பீஸ் உள்ளுக்குக் கிடக்கு”. அதை எழுதிக்கொள், ஆனால் பேனையை மூடிவிடாதே. அறுபதை நெருங்கிய ஒருவர் என்னிடம் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் டைக்குளோபெனாக் ஊசி போட்டேன். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் பீஸ் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். அதற்கு இரண்டு விரற்கடை மேலே சப்பளிந்து கிடந்த முள்ளெலும்பை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் அவருடைய கிட்னி பழுதானது. அதில் நோய்க்குப் பெரும் பங்கு என்றாலும் என் ஊசிக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த நோயில் கிட்னிக்கு அந்த மருந்து ஆகாது.

2. நோவின் கதையைப் பொறுமையாகக் கேள். எங்கே, எப்போது தொடங்கியது, புரண்டு படுத்தால் கூடுகிறதா, இருமினால் விலாவில் பிடிக்கிறதா? மைலோமா பெரும்பாலும் முதுகிலும் விலாவிலும்தான் நோகும், அசைந்தால் கூடும். “உயரம் குறைந்ததா?” என்று கேட்டால் சிரிப்பார்கள். “சாரம் இப்ப நிலத்தில இழுபடுதா?” என்று கேட்டுப் பார், யோசித்துப் பதில் சொல்வார்கள். கால் விறைக்குது, சலம் போகுதில்லை என்றால் அன்றைக்கே ஆளை அனுப்பு. கிளினிக் நாள் வரை வைத்திராதே.

3. “ஏலாமல் கிடக்கு” என்ற சொல்லை வயதின் கணக்கில் போட்டுவிடாதே. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1,027 நோயாளிகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். நோய் கண்டுபிடித்த வேளையில் 73 வீதமானவர்களுக்கு இரத்தசோகை. எலும்பு நோ 58 வீதத்தினருக்குத்தான். நோவே இல்லாமல், வெளிறிப்போய், களைத்து வருகிறவர்களும் நிறையப் பேர். இரும்புக் குளிசையைக் கொடுத்து அனுப்புவது சுலபம். இரத்தம் எங்கே போனது என்று கேட்பதுதான் வேலை.

4. இந்த நோய் ஒரு வாசலால் வராது. நியூமோனியாவுக்கு ஓரிடத்தில் மருந்து எடுத்திருப்பார். மலச்சிக்கலுக்குப் பாமசியில் வாங்கியிருப்பார். ஓயாத தாகமும் புத்தித் தடுமாற்றமும் இரத்தத்தில் கல்சியம் ஏறியதால் வந்தவையாக இருக்கும். வீட்டில் “வயது போனால் அப்படித்தான்” என்றிருப்பார்கள். கிட்னியா, இருக்கவே இருக்கிறது எங்கள் வன்னித் தண்ணீர், பழியைச் சுமக்க! துண்டுகளைச் சேர்க்கிறவள் நீதான். இடப்பெயர்வில் பழைய கிளினிக் கொப்பிகள் போய்விட்டன என்பார்கள். வாசலில் நிற்கும் மனுசியைக் கூப்பிடு, அவதான் கொப்பி. 1845இல் இலண்டனில் இதே நோய் கண்ட தோமஸ் மக்பீன் என்ற மளிகை வியாபாரியின் உள்ளாடை சிறுநீர் பட்டு விறைத்துப்போயிருந்ததாம். உடுப்புத் தோய்க்கிறவருக்குத் தெரியாத குறியா அது?

5. அந்தச் சிறுநீரைத்தான் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். காய்ச்சினால் கரைந்து, ஆறினால் உறைகிற புரதம் அதில் இருந்தது. இன்று நீ சிறுநீரில் தோய்க்கும் தாள் அல்புமினைப் பிடிக்கும். பென்ஸ் ஜோன்ஸ் புரதம் அதற்குப் பெரும்பாலும் தப்பிவிடும். தாள் நிறம் மாறவில்லை என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாதே. புரதப் பகுப்பாய்வுக்கும் எலும்பு மச்சைப் பரிசோதனைக்கும் வழி செய்.

6. பிழைவிட்டால் சொல். என் நோயாளி தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதற்கு முதல் நாள் விடைபெற வந்தார், ஒரு பையில் அவித்த கச்சானோடு. சொல்லத் துணிவு வர இரண்டு பிளேன்ரீ தேவைப்பட்டது. “நான் முதலே பிடிச்சிருக்கோணும் அண்ணை” என்றேன். அவர் கோபப்படவில்லை. கச்சான் கோதை உடைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இவ்வளவு நாளும் அந்தப் பீஸைச் சும்மாதான் ஏசினனான் என்ன?” என்று கேட்டார்.