கோட்டுருத் தரவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஆர்டிஎஃப் என்பது எக்ஸ்எம்எல்லில் ஒரு வகை.

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-இல் இதை வெளியிட்டபோது, கூற்றுகளை எழுதக் கொடுத்த தொடரியல் எக்ஸ்எம்எல்தான். மாதிரி வேறு, தொடரியல் வேறு என்று ஆவணத்தின் தலைப்பே பிரித்துச் சொல்லியும் குழப்பம் நிலைத்துவிட்டது. ஆர்டிஎஃப் ஒரு தரவு மாதிரி. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் சேர்ந்தால் ஒரு கூற்று. தமிழில் கடைசியில் வரும் பயனிலை இங்கே நடுவில் நிற்கும். கூற்றுகளின் தொகுப்பே கோட்டுரு: எழுவாயும் செயப்படுபொருளும் அதன் முனைகள், பயனிலை அவற்றை இணைக்கும் விளிம்பு. 2014-இல் பரிந்துரையான டர்ட்டில், ஜேசன்-எல்டி ஆகிய தொடரியல்களிலும் அதே கோட்டுருவை எழுதலாம். கண்ணால் படிக்க வேண்டுமென்றால் டர்ட்டிலே நல்லது.

நம்பிக்கை: விளிம்பைப் பற்றி விவரம் சொல்ல ஆர்டிஎஃபில் வழி இல்லை.

இது பாதி உண்மை. உதாரணமாக, விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் எண் கியூ42. அவர் நாவலில் வரும் 42 என்ற புகழ்பெற்ற விடையை வைத்து வேடிக்கையாகக் கொடுத்தது. அவர் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1971 முதல் 1974 வரை படித்தார். இந்த ஆண்டுகள் அவருக்கும் உரியவை அல்ல, கல்லூரிக்கும் உரியவை அல்ல. இரண்டுக்கும் இடையிலான உறவுக்கு உரியவை. நியோ4ஜே போன்ற பண்புக் கோட்டுருத் தரவுத்தளங்களில் அவற்றை விளிம்பின் மேலேயே எழுதிவிடலாம். ஆர்டிஎஃபின் மூன்றுறுப்புக் கூற்றில் அதற்கு இடமில்லை. அதனால் விக்கித்தரவு அந்தக் கூற்றுக்கே தனி முனை ஒன்றை உண்டாக்கி, ஆண்டுகளை அதில் சேர்க்கிறது. விவரம் தொலைவதில்லை, வினவல்தான் நீள்கிறது.

நம்பிக்கை: தரவில் இல்லையென்றால் பொய்.

ஆர்டிஎஃப் திறந்த உலகக் கொள்கையைப் பின்பற்றுகிறது: பதிவாகாதது தெரியாதது, அவ்வளவே. ஒருவருக்குத் தாய் ஒருவரே என்று ஓடபிள்யூஎல் மொழியில் விதித்துவிட்டு இரண்டு பெயர்களைக் கொடுத்தால் பிழை வராது. வேறு வேறு ஆட்கள் என்று சொல்லாதவரை, இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று அந்த மொழி முடிவுகட்டும். முதன்முறை பார்ப்பவர் திகைத்துத்தான் போவார். அதனால்தான் தரவைச் சரிபார்க்க 2017-இல் ஷேக்கல் என்ற தனித் தரம் வந்தது.

நம்பிக்கை: கோட்டுருவுக்குத் தனித் தரவுத்தளம் வேண்டும், பொது வினவல் மொழியும் கிடையாது.

ஆர்டிஎஃபுக்கு ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழி 2008 முதலே உண்டு. வழக்கமான அட்டவணைகளைக் கோட்டுருவாகப் பார்த்து வினவும் வசதி எஸ்க்யூஎல் தரத்தில் 2023-இல் சேர்ந்தது. பண்புக் கோட்டுருக்களுக்கான ஜிக்யூஎல் வினவல் மொழி 2024 ஏப்ரலில் ஐஎஸ்ஓ தரமாயிற்று. அதன் வடிவமெங்கும் நியோ4ஜேயின் சைஃபர் மொழியின் சாயல் தெரியும்.