ஜூபாவுக்கு ஒரு ஜெனரேட்டர் மெக்கானிக்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு வெளிநாடு என்றால் துபாய், கத்தார், சிங்கப்பூர். தன்னார்வலராகவும் வெளிநாடு போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். "சும்மா வேலை செய்யறதுக்கு எதுக்குண்ணே ஃப்ளைட் ஏறணும்?" என்பார்கள். சிலர் எதிர்த் திசையில் யோசிப்பார்கள்: ஐ.நா. சபைக்குள் நுழைய இது பின்வாசலோ? இரண்டும் தவறு. ஓராண்டு, ஈராண்டு வெளிநாட்டில் தங்கிச் செய்யும் தொண்டு, விதிகளும் ஒப்பந்தமும் உள்ள ஒரு வேலை. அதை அப்படிப் பார்த்தால்தான் நமக்கு ஒத்துவருமா என்று முடிவுசெய்ய முடியும்.

நம்பிக்கை: தன்னார்வலர் கைக்காசு போட்டுத்தான் போக வேண்டும்.

உண்மை: இரண்டு வாரம் போய்ப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டு வரும் சுற்றுலாத் தொண்டுக்குத்தான் கைக்காசு. நீண்டகாலப் பணி வேறு. ஐ.நா. பொதுச்சபை 1970-இல் முடிவெடுத்து, 1971-இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. இதில் தேர்வாகி வெளிநாடு செல்பவருக்கு அந்தந்த ஊர் விலைவாசிக்கேற்ப மாதாந்திர வாழ்க்கைப்படி, போக வர விமானச் செலவு, மருத்துவக் காப்பீடு, மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்பு, பணி முடிந்து திரும்பும்போது ஒரு தொகை ஆகியவை உண்டு. ஆனால் வாழ்க்கைப்படி சம்பளம் ஆகாது. பி.எஃப்., கிராஜுவிட்டி கிடையாது. அங்கே வாடகை கொடுத்துச் சாப்பிட்டு வாழ அது போதும். பொன்னேரியில் வாங்கிய மனைக்கு இஎம்ஐ கட்ட வேண்டும், தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கோடு போகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

நம்பிக்கை: டாக்டர், நர்ஸ், டீச்சருக்குத்தான் அங்கே இடம்.

உண்மை: நம் வட்டாரத்து ஆட்கள் நின்று கவனிக்க வேண்டியது இதைத்தான். ஐ.நா. அமைதிப்படை அனுப்பப்படும் நாடுகளில் படைக்குப் பின்னால் ஒரு நகரமே இயங்குகிறது. தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவிலும் அதைத் தாண்டிய முகாம்களிலும் ஜெனரேட்டர் நின்றால் விளக்கும் இல்லை, தண்ணீர் பம்பும் இல்லை, வயர்லெஸ்ஸும் இல்லை. அதனால் ஜெனரேட்டர் மெக்கானிக், எலெக்ட்ரிஷியன், வண்டிப் பராமரிப்பாளர், ஸ்டோர்ஸ் கணக்கு பார்ப்பவர், நீர்ச் சுத்திகரிப்பு தெரிந்தவர் என்று பலரைத் தன்னார்வலர்களாக எடுக்கிறார்கள். தொழிற்சாலை மெயின்டனன்ஸில் ஏழெட்டு ஆண்டு தேய்ந்த டிப்ளமாக்காரர் இங்கே தன்னைச் சாதாரண ஆளாக நினைத்துக்கொள்கிறார். அங்கே தேடுவது அவரைத்தான்.

அன்றாட வேலையும் அவருக்குப் பழக்கமானதுதான். காலையில் டீசல் இருப்பைப் பார்ப்பது, லாக் புக் எழுதுவது, வராத ஃபில்டருக்கு மறுபடி கடிதம் போடுவது, உள்ளூர் உதவியாளருக்குக் கற்றுக்கொடுப்பது. கடைசியில் சொன்னதுதான் முதன்மையானது. தன்னார்வலர் கிளம்பிய மறுநாளும் இயந்திரம் ஓட வேண்டும்.

அனுபவத்துக்கு மதிப்பு கூடிவந்ததும் தற்செயல் அல்ல. பிரிட்டனில் 1958-இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பு முதலில் அனுப்பியது பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை. பின்னர் அது தொழில் தெரிந்தவர்களை அனுப்பும் அமைப்பாக மாறியது. வயதும் தடையாக இருந்ததில்லை. அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான 'பீஸ் கோர்' தன்னார்வலர்கள் 1961 முதல் 1976 வரை இந்தியாவில் பணியாற்றினார்கள். அவர்களில் ஒருவரான லில்லியன் கார்ட்டர் மும்பை விக்ரோலிக்கு நர்ஸாக வந்தபோது அவருக்கு 68 வயது. அவர் மகன் ஜிம்மி கார்ட்டர் பிறகு அமெரிக்க அதிபரானார்.

நம்பிக்கை: ஒருமுறை நுழைந்தால் ஐ.நா. வேலை நிரந்தரம்.

உண்மை: இல்லை. தன்னார்வலர் ஐ.நா. ஊழியர் அல்லர். கால வரையறையோடுதான் ஒப்பந்தம். முடிந்ததும் வேலை தருவோம் என்ற உறுதிமொழி எதுவும் அதில் இராது.

நம்பிக்கை: நீலக்கொடி பறக்கும் இடத்தில் ஆபத்து வராது.

உண்மை: 1993 ஏப்ரல் 8 அன்று கம்போடியாவின் கொம்போங் தோம் மாகாணத்தில், தேர்தல் ஏற்பாட்டைக் கவனித்துவந்த ஐ.நா. தன்னார்வலர் அத்சுஹிதோ நகாதா சுட்டுக் கொல்லப்பட்டார். ஜப்பானியரான அவருக்கு வயது 25. உடனிருந்த கம்போடிய மொழிபெயர்ப்பாளரும் உயிரிழந்தார். நகாதாவின் தந்தை தகேஹிதோ தன் வேலையை விட்டுவிட்டு, தன்னார்வத் தொண்டை உலகெங்கும் எடுத்துச் சொல்லும் ஐ.நா. கௌரவத் தூதரானார்.

இருட்டிய பின் வெளியே போகத் தடை, ஊர்விட்டு ஊர் போக முன் அனுமதி, குடும்பத்தை அழைத்துவரக் கூடாத பணியிடங்கள் என்ற கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட இழப்புகள் இருக்கின்றன. ஜூபாவும் குடும்பத்துக்கு அனுமதியில்லாத ஊர்தான். வீட்டில் இதைச் சொல்லாமல் விண்ணப்பிக்கக் கூடாது.

நம்பிக்கை: நல்ல ஏஜென்ட் கிடைத்தால் போய்விடலாம்.

உண்மை: ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு ஏஜென்ட்டே கிடையாது. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி எதற்கும் கட்டணம் இல்லை. யாராவது 'ப்ராசஸிங் ஃபீஸ்' கேட்டால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கியது நினைவிருக்கும். சேவை என்ற பெயரிலும் இதே வலையை விரிக்கலாம். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்ப வேண்டாம். சம்பள வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது.

நம்பிக்கை: பணக்கார நாட்டார் கொடுப்பார்கள், ஏழை நாட்டார் வாங்குவார்கள்.

உண்மை: ஐ.நா. அமைப்புகளில் ஓராண்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பணியாற்றுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாட்டவர்.

இன்னும் நெருக்கமான சான்று கும்மிடிப்பூண்டியிலேயே உண்டு. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் தமிழகத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. இத்தகைய முகாம்களில் பணிசெய்யும் ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகத்தை 1984-இல் எஸ். சி. சந்திரகாசன் தொடங்கினார். 'தந்தை செல்வா' என்று ஈழத்தவர் அழைக்கும் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மகன் அவர். முகாம்களில் அந்த அமைப்பின் கல்வி, உடல்நலப் பணிகளைச் சுமந்தவர்கள் அகதிகளேதான். வீடு, நிலம் எல்லாம் விட்டு வந்தவர்கள், அந்நிய நாட்டில் அடுத்தவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். வெளிநாட்டில் நீண்டகாலத் தொண்டு என்பதற்கு இதைவிடக் கடினமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

வெளிநாட்டவர் இங்கு வந்து தொண்டு செய்யவும் நல்ல மனம் மட்டும் போதாது. இ-சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தொண்டுக்கு ஒரு மாதம்தான் வரம்பு. அதற்கு மேல் என்றால் தொண்டு நிறுவனப் பணிக்கென்று உரிய விசா வாங்க வேண்டும். அகதிகள் முகாமுக்குள் நுழைய அரசின் அனுமதி வேறு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது. ஓராண்டு உங்கள் சம்பளம் வராவிட்டால் வீடு தாங்குமா, ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை எழுத வருமா என்று முதலில் பாருங்கள். தயக்கம் இருந்தால் உள்நாட்டிலேயே தொடங்கலாம்; இந்தியாவிலுள்ள ஐ.நா. அமைப்புகள் உள்நாட்டுத் தன்னார்வலர்களையும் எடுக்கின்றன. அங்கே ஓராண்டு வேலை பார்த்தால், இந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்பது பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.