கார்டு சிவகாசியில், தண்ணீர் தூத்துக்குடியில்

சபையாகச் சேர்ந்து நிவாரண வேலைக்கு இறங்குகிறவர்கள், கோயிலைச் சுற்றி யார் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 டிசம்பர் மழையில் தூத்துக்குடியில் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். எங்கள் சேகரக் கமிட்டியில் சிலருக்கு இது பிடிக்காது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்த மழையைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஏறத்தாழ 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வந்த தண்ணீர் சில தெருக்களில் கிறிஸ்துமஸ் வரைக்கும் வடியவே இல்லை. கரண்டும் கிடையாது, செல்போனில் டவரும் கிடையாது.

முதல் சில நாள் சாப்பாடு கொடுப்பதுதான் வேலை. உங்கள் கோயிலிலும் அசன அண்டா இருக்கும், அதில் சமைத்துப் பழகிய அண்ணாச்சிமாரும் இருப்பார்கள். சாம்பார் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், அதனால் புளிச்சாதமாகக் கட்டுங்கள். விறகெல்லாம் நனைந்திருக்கும், தச்சுப் பட்டறைகளில் கழிவுக் கட்டை கேளுங்கள். பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்காக வாங்கி வைத்திருந்த அரிசியை நாங்கள் கமிட்டியிடம் கேட்காமல் எடுத்தோம். கமிட்டிக்காரர்கள் பாதிப் பேர் அவரவர் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருக்க, யாரிடம் போய்க் கேட்பது? பிறகு கணக்குக் கேட்டார்கள், கொடுத்தோம். ஊரே பட்டினி கிடக்கையில் பூட்டி வைப்பதற்கா அந்த அரிசி? நாளைக்கே அப்படி ஒரு மழை வந்தாலும் அப்படியேதான் செய்வேன்.

தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் வெளியூர்ச் சபைகளிலிருந்து அரிசி, பருப்பு, பாய், போர்வை, வாளி என்று வண்டி வண்டியாக வந்தது. தப்பு நடந்தது அப்போதுதான். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுத்தால் டோக்கன், டோக்கனைக் காட்டினால் பாரிஷ் ஹாலில் பொருள் என்று கமிட்டி முடிவெடுத்தது. ஒரே ஆள் இரண்டு தடவை வாங்கிவிடக் கூடாதாம். வேண்டாம் அய்யா என்று கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். “கணக்குன்னு ஒண்ணு வேணும்லாம்மா” என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு வளவு இருக்கிறது. ஒற்றை ஒற்றை அறையாக வரிசை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். உப்பளத்துக்குப் போகிறவர்கள், ஹார்பரில் லோடு ஏற்றுகிறவர்கள், வடநாட்டுப் பையன்கள் என்று எல்லாருமே வாடகைக்கு இருப்பவர்கள். யாருடைய கார்டும் இந்த விலாசத்தில் கிடையாது. அரசாங்கம் வெள்ள நிவாரணமாகக் கொடுத்த 6,000 ரூபாயும் கார்டு வழியாகத்தான் வந்தது. இரண்டு பக்கமும் விடுபட்டுப் போனவர்களுக்கு நாமாவது கொடுத்திருக்க வேண்டாமா?

வரிசையில் அந்த வளவு ஆச்சி ஒருத்தி நின்றாள். மேஜையில் இருந்தவர் கார்டைக் கேட்டார். “கார்டு சிவகாசியில கெடக்கு அய்யா, தண்ணி இங்கல்லா வந்துச்சு” என்றாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கொண்டுவந்த வெறும் சாக்கை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆச்சி படியிறங்கிப் போனாள். தண்ணீரே ஏறாத மாடி வீட்டுக்காரர் ஒருவர், எங்கள் சபையார்தான், இரண்டு கார்டுக்கு இரண்டு மூட்டை வாங்கிப் போனதையும் அதே இடத்தில் நின்று பார்த்தேன்.

ஜனவரியில் மருத்துவ முகாம் போட்டோம். எலிக்காய்ச்சல் பயம் இருந்த நேரம். வளவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வீட்டுக்கே போய்க் கூப்பிட்டபோது, “அதுக்கும் கார்டு வேணுமாக்கா?” என்று ஒரு பெண் கேட்டாள். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வழக்கமாக ஓடிவரும் வளவுப் பிள்ளைகளும் அந்த வருஷம் வரவில்லை.

ஆகவே, கார்டு கேட்காமல் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். உலை வைக்கிற நேரமாகப் பார்த்துச் சாயங்காலம் போங்கள். ஒரு வாசலுக்குள் எத்தனை அடுப்பு என்று கேட்டு எழுதுங்கள், ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம். எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருப் பெண் ஒருத்தியைக் கூட்டிப் போங்கள். பிறகு நாங்கள் அப்படிப் போனபோது எங்களுக்கு வழி காட்டியது ஒரு பூக்கார அம்மா, நம் சபையும் அல்ல, நம் மதமும் அல்ல. அடுப்பு மூழ்கிப்போன வீட்டில் அஞ்சு கிலோ அரிசியை வைத்து என்ன செய்வது? அவர்கள் கேட்டது ஒரு ஸ்டவ். சானிட்டரி நாப்கினை ஆண்கள் போட்ட பட்டியல் எதிலும் நான் பார்க்கவில்லை. பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். யாருக்காவது இரண்டு தடவை போய்விட்டால் போகட்டும்.

பழந்துணி வாங்காதீர்கள், பிரித்து அடுக்கவே ஆள் பத்தாது. பொட்டலத்துக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். எங்கள் ஆள் ஒருவர் வைத்தார், ஒவ்வொன்றாக நானே எடுத்துப் போட்டேன். பசியில் கை நீட்டுகிறவர்களிடம் அதைக் கொடுப்பது முறையில்லை. தண்ணீரில் இறங்குகிற வாலிபர்களைக் காலில் புண் இருந்தால் நிறுத்திவிடுங்கள். டாக்சிசைக்ளின் மாத்திரை தேவையா என்று சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வளவுக் கணக்கு எங்கள் சங்கத்து நோட்டில் இருக்கிறது. வாடகைக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் போய்த் திருத்துகிறோம். அடுத்த தடவை கமிட்டியிலிருந்தும் இரண்டு பேர் எங்களோடு வளவுக்கு வர வேண்டும் என்று சேகர குருவானவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.