லேப்டாப் 92 காட்டுதா? பதறாதே, தங்கச்சி

மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே அசைன்மென்ட் அடிக்கும்போது ‘கோர் டெம்ப்’ மென்பொருள் 92 டிகிரி காட்டினால் யாருக்கும் பக்கென்றுதான் இருக்கும். அந்த 92-ஐக் கொஞ்சம் தள்ளி வை. பக்கத்தில் ‘டிஜே மேக்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும், அதை முதலில் படி. பெரும்பாலான இன்டெல் லேப்டாப்பில் 100 அல்லது 105 என்றிருக்கும். அதுதான் அந்தச் சிப்புக்கு வைத்த எல்லை.

இந்த எண் மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது? சிப்பையே கேட்கிறது. ஆலையிலேயே உள்ளே பதித்து அனுப்பிவிடுகிறார்கள். (டெஸ்க்டாப் சிப் பலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்று பொறித்திருக்கும். 1972 முதல் பினாங்கில் இன்டெல் ஆலை ஓடுகிறது, நம்ம ஊர்ச் சரக்குதான்.) வேடிக்கை என்னவென்றால், இன்டெல் சிப்பில் உள்ள சென்சார் ‘இத்தனை டிகிரி’ என்று சொல்வதே இல்லை. ‘எல்லைக்கு இன்னும் இத்தனை பாக்கி’ என்று மட்டும் சொல்லும். பாக்கி 8 என்றால், 100-இல் 8 போக 92 என்று மென்பொருள் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது.

அதனால் எல்லை எண் தப்பானால் எல்லாமே தப்பு. யாராவது கொடுத்த பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் கவனம். 2008 கடைசியில் முதல் கோர் ஐ7 வருவதற்கு முன், டெஸ்க்டாப் சிப் இந்த எண்ணை வெளியே சொல்லாது. மென்பொருள் எழுதியவர்கள் மாடலைப் பார்த்து ஊகித்தார்கள். ஒருவர் 85 என்றும் இன்னொருவர் 100 என்றும் வைத்தால், ஒரே கம்ப்யூட்டரில் 15 டிகிரி வித்தியாசம் வரும். சோதிக்க ஒரு வழி உண்டு. நம்ம பெஸ்தாரி ஜெயாவில் அறையே 33 டிகிரியில் வேகும்போது, சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் 28 காட்டினால் நம்பாதே. அறைக் காற்றைவிடக் குளிராக எந்த விசிறியாலும் ஆக்க முடியாது. எல்லைக்கு வெகுகீழே அந்தச் சென்சாரும் அவ்வளவு துல்லியமில்லை.

ஏஎம்டி வேறு கதை. ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் விசிறிக்காக வேண்டுமென்றே 20 டிகிரி கூட்டிச் சொல்லும். பழைய மென்பொருள் அதைக் கழிக்காமல் அப்படியே காட்டிவிடும். ரைசன் 7000 வரிசையில் பல சிப்புகள் 95 வரை ஓடவே செய்யப்பட்டவை.

குளிர்நாட்டு யூடியூபருக்கு 70 காட்டுகிறது என்றால் அவர் அறை 20 டிகிரி. அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். ஒப்பிட்டு மனசு நோகாதே.

நீ பார்க்க வேண்டியது பாக்கியைத்தான். ‘ஹெச்டபிள்யூ இன்ஃபோ’ மென்பொருளில் அதற்கென்றே தனி வரி இருக்கிறது. பாக்கி 0 ஆனால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதுதான் லேப்டாப் இழுக்கும். சில தயாரிப்பாளர்கள் அதற்கும் கீழேயே குறையும்படி வைத்திருப்பார்கள். மென்பொருளின் செட்டிங்கில் போய் எல்லை எண்ணை மட்டும் மாற்றாதே. திரையில் எண் இறங்கும், சூடு இறங்காது.

மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வை. ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிமண் எரிந்து புகைமூட்டம் வந்த வருஷமென்றால் காற்றுத் துவாரத்தையும் சுத்தம் செய். காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.