மெல்லிய ஃபாயில் போர்வை: பரண் அறையில் இடைவெளிக்கே முதலிடம்

பிரிட்டனின் பழைய வரிசை வீடுகளில் பரணை அறையாக்கும்போது தலைக்கு மேல் ஒவ்வோர் அங்குலமும் முக்கியம். அதனால்தான் அலுமினியத் தாள்களுக்கிடையே பஞ்சும் நுரையும் அடுக்கிய மல்ட்டிஃபாயில் போர்வை பலரை ஈர்க்கிறது. பளபளக்கும் பரப்பு வெப்பக் கதிரைக் குறைவாகவே உமிழும். ஆனால் அதன் எதிரே அசையாத காற்று இருந்தால்தான் அந்தக் குணம் பயன்படும். பலகையோடு ஒட்டிக்கொண்ட ஃபாயில் வெப்பத்தைக் கடத்திவிடும். ஆகவே இருபுறமும் சுமார் 25 மி.மீ. இடைவெளி அமைப்பதுதான் இங்கே முதல் வேலை.

வாங்குமுன் கணக்குப் போடுங்கள். இங்கிலாந்தின் 2021 கட்டட விதி ஆவணம் சீரமைக்கும் சாய்கூரைக்கு, வெப்பக் கசிவை அளக்கும் யு-மதிப்பு 0.16 ஆக இருக்கும்படி கேட்கிறது; அதற்கு மொத்த வெப்பத்தடை 6.25 வேண்டும். போர்வையும் இரு இடைவெளிகளும் சேர்ந்து ஏறத்தாழ 2.5தான் தரும். மீதியைக் கைமரங்களுக்கு இடையே வைக்கும் பி.ஐ.ஆர். நுரைப் பலகை ஈடுகட்ட வேண்டும். பழைய தார் ஃபெல்ட்டுக்குக் கீழே காற்றோட்டத்துக்கு 50 மி.மீ., பலகைக்கும் போர்வைக்கும் நடுவே 25 மி.மீ. விட்டால், 100 மி.மீ. கைமரத்தில் பலகைக்கு 25 மி.மீ.தான் மிஞ்சும். கைமரத்தின் அடியில் சட்டம் அடித்து ஆழம் கூட்டுவது பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. கைமரம் வழியே கசியும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதலை முதலிலேயே பெறுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒழுகலையும் மரத்தின் உளுத்த பகுதிகளையும் சரிசெய்யுங்கள். நுரைப் பலகைகளைக் கைமரங்களுக்கிடையே சந்தில்லாமல் இறுக்கிப் பொருத்துங்கள். பிறகு போர்வையை மேலிருந்து கீழாக, கைமரங்களுக்குக் குறுக்கே விரித்து ஸ்டேப்பிள் அடியுங்கள். விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மூட்டுகள் முழுவதும் ஃபாயில் டேப் ஒட்டுங்கள், சுவரோரங்களையும் அடைத்துவிடுங்கள். குளியலறையிலிருந்து வரும் ஈரம் அடைக்காமல் விட்ட ஓட்டை வழியே புகுந்தால், குளிர்ந்த மரத்தில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடுத்து, ஜிப்சம் பலகையைத் தாங்கும் ரீப்பர்களைப் போர்வையின் மேல், கைமரங்களுக்கு நேராக அடியுங்கள். ரீப்பருக்கு அடியில் போர்வை நசுங்கும், நடுவில் உப்பும். 25 மி.மீ. ரீப்பரில் அந்த உப்பல் ஜிப்சம் பலகையைத் தொட்டுவிடலாம், 38 மி.மீ. பாதுகாப்பானது. மின்கம்பிகள் ரீப்பர் விடும் இந்த இடைவெளியிலேயே ஓடட்டும். குழி விளக்குக்காகப் போர்வையைத் துளைக்காதீர்கள்.

“200 மி.மீ. கனிமக் கம்பளிக்கு இது சமம்” என்ற பழைய விளம்பரம் இன்னும் சிலர் மனத்தில் இருக்கிறது. அந்தக் கனத்துக் கம்பளியின் தடை சுமார் 5. மேலே போட்ட கணக்கில் போர்வைக்கு வந்த 2.5 இதன் பாதிதான். அப்படியானால் சட்டமும் ரீப்பரும் இடத்தை விழுங்கும்போது இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். நேரான கூரையில் லாபம் குறைவு. இரண்டு அடுக்கு நுரைப் பலகையே சில சமயம் மெல்லியதாக அமையும். மாறாக, மூலைகளும் சன்னல் ஓரங்களும் நிறைந்த கூரையில் இது வளைந்து கொடுக்கும், கைமரங்களையும் மூடும், ஈரத்தையும் காற்றையும் ஒரே அடுக்கில் தடுக்கும். இரண்டு வழிகளின் மொத்தக் கனத்தையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டு, மிஞ்சும் உயரம் எதில் அதிகமோ அதற்குப் பணம் கொடுங்கள்.