லோடு எடுக்கும் முன் நாளை எண்ணு

தம்பி, சொந்த லாரி வாங்கி முதல் டியூ கட்டப் போறே. சங்ககிரிப் பக்கம் லாரி ஓடுற வீட்டுல கணக்கு நோட்டு எழுதறவ நான். அந்த உரிமையில சொல்றேன், கேட்டுக்கோ.

புக்கிங் ஆபீஸ்ல முதல்ல வாடகையைத்தான் சொல்லுவாங்க. அந்தத் தொகையைக் கேட்டவுடனே தலையாட்டிடாதே. டீசல், டோல், டிரைவர் பேட்டா, ஏத்துக்கூலி, கமிஷன் எல்லாம் கழிச்சு என்ன மிஞ்சுதுன்னு பாரு. அந்த மிச்சத்தை லோடு பிடிச்சுக்கிற நாளால வகு. வர்ற எண்தான் உன் ஒரு நாள் வருமானம்.

நாளை எங்கிருந்து எண்ணறதுங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. சக்கரம் உருண்டதிலிருந்து எண்ணக்கூடாது. ஏத்தற குடோன் வாசல்ல வண்டி வரிசையில நின்னதிலிருந்து எண்ணு. சரக்கு இறக்கி, திரும்பி வந்து, அடுத்த லோடுக்கு வண்டி தயாராகிற வரைக்கும் எண்ணு. வண்டி சும்மா நின்னாலும் டியூ, இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. எல்லாம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். வருஷச் செலவைக் கூட்டி 365-ஆல வகுத்து, ஒரு நாள் நின்னா எவ்வளவு போகுதுன்னு நோட்டோட முதல் பக்கத்துலேயே எழுதி வை.

கணக்கு புரியறதுக்காக ஒரு உதாரணம். வண்டி நிக்கிற செலவு நாளுக்கு 2,500 ரூபாய்னு வை. சேலத்திலிருந்து நவி மும்பைக்கு ஜவ்வரிசி ஏத்தறே. போக வர வழிச்செலவு போக 24,000 மிஞ்சுது. எட்டு நாள்ல திரும்பினா நிக்கிற செலவு 20,000 போக கையில 4,000. நல்ல ரிட்டர்ன் லோடு கிடைக்கட்டும்னு இன்னும் நாலு நாள் அங்கேயே காத்திருந்தா, அதே 24,000-க்கு 6,000 நஷ்டம். சென்னை லோடு ஒண்ணு ரெண்டே நாள்ல 8,000 மிச்சம் தந்தா, நிக்கிற செலவு போக 3,000 உறுதி. சின்ன வாடகைன்னு அதை ஒதுக்கிடாதே. ஆனா அந்தச் சென்னை லோடும் இறக்குற இடத்துல ரெண்டு நாள் காக்க வச்சா, மிச்சம் மொத்தமும் கரைஞ்சு நஷ்டம்தான்.

அதனால ஒத்துக்கறதுக்கு முன்னாடி கேட்டுடு. அங்கே எத்தனை வண்டி வரிசையில நிக்குது? இறக்குற அன்னைக்கு மார்க்கெட் லீவா? ஊருக்குள்ள பெரிய வண்டியை எத்தனை மணிக்கு விடறாங்க? பெங்களூருலயும் சென்னையிலயும் பகல் நெருக்கடி நேரத்துல மாட்டினா ஊருக்கு வெளியிலேயே அரை நாள் போயிடும். எத்தனை மணி நேரத்துக்கு மேல நின்னா ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கூலி, எவ்வளவுன்னு லாரி ரசீதான எல்.ஆர்.லேயே எழுதி வாங்கு. வாய்ப்பேச்சு காசாகாது. பேலன்ஸ் வாடகை எப்ப வரும்னும் கேளு. கையெழுத்தான எல்.ஆர். போய்ச் சேர்ந்து ஒரு மாசம் கழிச்சு வர்ற பணத்துக்காக நீ பங்க்ல கடனுக்கு டீசல் போட வேண்டியிருக்கும்.

ரிட்டர்ன் லோடுக்கு, கிளம்பும்போதே ஒரு குறைந்தபட்ச வாடகையை முடிவு பண்ணிடு, காத்திருக்க ஒரு நாள் அளவும் வச்சுக்கோ. நேரா சேலத்துக்குக் கிடைக்கலைன்னா துண்டு துண்டா வா. மும்பையிலிருந்து ஹுப்ளி, தாவணகெரேன்னு வழியில இருக்கிற ஊருக்கு ஒரு லோடு பிடி. மக்காச்சோள சீசன்ல தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித் தீவனத்துக்குச் சரக்கு வந்துக்கிட்டே இருக்கும்.

இ-வே பில்லையும் பார்த்துக்கோ. 2021-லிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கணக்கு. வழியில தாமதமானா, முடியற நேரத்துக்கு முன்னாடி எட்டு மணி, பின்னாடி எட்டு மணிக்குள்ள நீட்டிக்கலாம். அதை விட்டா செக்கிங்ல வண்டி நிக்கும்.

ரெண்டு டன் கூட ஏத்தினா வாடகை கூடும்னு ஆசை காட்டுவாங்க. பத்துச் சக்கர வண்டிக்கு வண்டி எடையோட சேர்த்து 28.5 டன்தான் வரம்பு. மீறினா 20,000 ரூபாய் அபராதம், அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000. அதிகப்படிச் சரக்கை இறக்கி வச்சுட்டுத்தான் வண்டியை எடுக்கவும் முடியும். பணத்தோட நாளும் போச்சு.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். நாளைக் குறைக்கணும்னு டிரைவர் தூக்கத்துல கை வைக்காதே. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலைன்னு சொல்லிடுச்சு. 'விடியறதுக்குள்ள சேர்த்துடு, ரெண்டாயிரம் கூட'ன்னு சொல்ற லோடு வந்தா, வண்டியில ரெண்டு டிரைவர் இருந்தா மட்டும் எடு. தொப்பூர் கணவாய்ச் சரிவுல தூக்கக் கலக்கத்தோட இறங்குறவருக்கு வீட்டுல பிள்ளைங்க இருக்கு. அந்த ரெண்டாயிரம் நமக்கு வேண்டாம், சாமி. நேரத்தைக் குடோன்லயும் புக்கிங் ஆபீஸ்லயும் மிச்சம் பிடி, ரோட்டுல பிடிக்காதே.

ஒவ்வொரு லோடுக்கும் வரிசையில நின்ன தேதி, வண்டி காலியான தேதி, மிச்சம், இந்த மூணையும் எழுதிக்கிட்டே வா. மூணு மாசம் போனா எந்தப் பார்ட்டி உன் நாளை வீணாக்குறான்னு நோட்டே காட்டிடும். அப்புறம் அந்தப் பார்ட்டி எவ்வளவு வாடகை சொன்னாலும், ஹால்டிங் எழுதி வாங்காம வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதே.